ஒரு பாட்டு, பல பதிவுகள் – எது சரி?



நான் இசை படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, தண்டவாளத்தோடேயே நடந்து ஓய்வு பெற்றவன். பாட்டுக் கேட்பதில் மட்டும் ஆசை உண்டு. அந்த ஆசையால் நான் செய்த ஒரு தவறும், அதைத் திருத்திக்கொள்ள முயன்றபோது தெரிந்துகொண்டவையுமே இந்தக் கட்டுரை.

சென்ற கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், சங்கத்தில் குழந்தைகள் நிகழ்ச்சி நடந்தது நினைவிருக்கும். கேரளத்தில் அது ராமாயண மாதம் என்பதால் ராமனைப் பற்றிய பாட்டுகளாகவே வைத்திருந்தோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் 'பாவயாமி ரகுராமம்' பாடினாள். பல்லவியை சாவேரியில் எடுத்தாள். அனுபல்லவியும் சாவேரி. முதல் சரணம் வந்தது, அதுவும் சாவேரி. ஆறு சரணமும் சாவேரியிலேயே முடிந்தது. பரிசு கொடுக்க மேடை ஏறிய நான், "நன்றாகப் பாடினாய் அம்மா. ஆனால் சரணத்துக்குச் சரணம் ராகம் மாற வேண்டும். எம்.எஸ். அம்மா பாடிய பதிவைக் கேட்டுத் திருத்திக்கொள்" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டேன். பெரிய ரசிகன் என்று நினைப்பு.

நவராத்திரி நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த குழந்தைகள் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. சாலைக் கடைத்தெருவில் அவளுடைய பாட்டியைப் பார்த்தபோது கேட்டேன். "அவ இப்ப பாடறதில்லை சார். நான் சொல்லிக்கொடுத்தது தப்புன்னு நாலு பேர் முன்னாடி நீங்க சொல்லிட்டேளே. எங்கப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு அது" என்றார் மாமி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். இசைக் கல்லூரியில் பணியாற்றிய ஒரு நண்பரிடமும் கேட்டேன். தெரிந்தது இதுதான். சுவாதித் திருநாள் மகாராஜா இந்தக் கீர்த்தனையை முழுவதும் சாவேரியிலேயே அமைத்தார். அதை ராகமாலிகையாக மாற்றி அமைத்தவர் செம்மங்குடி சீனிவாசய்யர். அதாவது அந்தக் குழந்தை பாடியது தப்பே அல்ல. நான் 'மூலம்' என்று எண்ணியிருந்ததுதான் பின்னால் வந்தது.

ஒரு பாட்டுக்குப் பல பதிவுகள் இருக்கும்போது எது சரி என்று கேட்பது எப்படி? இந்தக் கேள்வியை மேல்நாட்டார் வெகுகாலமாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் வழியை முதலில் பார்த்துவிட்டு நம் பாட்டுக்கு வருவோம்.

சிம்பொனியை ஒப்பிடும் முறை

2025 மார்ச் 8ஆம் தேதி இளையராஜா லண்டனில் தம் முதல் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு, 'சிம்பொனி' என்ற சொல் நம் வீடுகளிலும் புழங்குகிறது. சிம்பொனி என்பது முழு வாத்தியக் குழுவுக்காக எழுதப்படும் பெரிய படைப்பு. பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும். ஒவ்வொரு வாத்தியக்காரரும் எந்த ஸ்வரத்தை எப்போது எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கும். முன்னால் கோலுடன் நிற்கும் நடத்துநர் அதை நடத்திச் செல்வார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த சிம்பொனிகள் மிகப் பெரிதாக வளர்ந்தன. ஹெய்டன் காலத்தில் 25 நிமிடத்தில் முடிந்தது, குஸ்தாவ் மாலர் காலத்தில் ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டியது. வாத்தியக்காரர்கள் நூறு பேர் வரை அமர்ந்தார்கள். மாலர் தாளில் ஸ்வரங்களோடு நிற்காமல், 'இங்கே அவசரப்படாதே', 'இங்கே தயங்கு' என்பது போன்ற குறிப்புகளையும் நிறைய எழுதினார்.

இவ்வளவு விவரமாக எழுதிய பின் எல்லாப் பதிவும் ஒன்றுபோலத்தானே இருக்க வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு விடுமுறையில் மாலரின் ஒன்பதாவது சிம்பொனியின் இரண்டு பதிவுகளைக் கேட்கச் சொன்னான். இரண்டையும் நடத்தியவர் ஒரே மனிதர்: புருனோ வால்டர். அவர் மாலரிடமே உதவியாளராக இருந்தவர். 1911 மே மாதத்தில் மாலர் காலமான பிறகு, 1912 ஜூன் 26ஆம் தேதி வியன்னாவில் இந்த ஒன்பதாவது சிம்பொனியை முதன்முதலில் அரங்கேற்றியவரும் அவரே. ஆகவே அவரைவிட 'அதிகாரபூர்வமான' ஆள் கிடைக்கமாட்டார்.

முதல் பதிவு 1938 ஜனவரி 16ஆம் தேதி வியன்னாவில், ரசிகர்கள் முன்னிலையில் நடந்த கச்சேரி. சுமார் 70 நிமிடம். இரண்டாவது 1961இல் அமெரிக்காவில், ஸ்டீரியோவில், ஒலிப்பதிவுக்கென்றே வாசித்தது. சுமார் 81 நிமிடம். அதே தாள், அதே நடத்துநர், வித்தியாசம் 11 நிமிடம்!

ஏன்? வால்டருக்கு 1938இல் வயது 61. 1961இல் 84. வயது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. 1938 கச்சேரி நடந்து இரண்டே மாதத்தில், மார்ச்சில், ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. யூதரான வால்டர் அதன்பின் வியன்னாவில் பணியாற்ற முடியவில்லை. நாடு விட்டு நாடு போனார். அந்தக் குழுவின் முதல் வயலின்காரரும் மாலரின் தங்கை கணவருமான அர்னால்ட் ரோஸே, முதுமையில் லண்டனுக்கு அகதியாகச் சென்றார். அந்தப் பதிவில் ரசிகர்கள் இருமுவது கேட்கிறது. வாத்தியங்கள் அங்கங்கே பிசிறுகின்றன. ஆயினும் ஏதோ ஒன்று துரத்துவது போன்ற பரபரப்பு அதில் இருக்கிறது. 1961 பதிவில் பிசிறு இல்லை. நின்று நிதானித்துத் திரும்பிப் பார்க்கும் அமைதி இருக்கிறது. இரண்டில் எது மாலர்? இரண்டுமே.

நமக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. 1938 கச்சேரியைப் பதிவு செய்ய வந்தவர் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க். 1902 நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பாடவைத்து, இந்தியாவில் இசைத்தட்டுக்குத் தொடக்கம் செய்தவரும் இவரேதான். அன்றைய தட்டின் ஒரு பக்கத்தில் நாலைந்து நிமிடமே பிடிக்கும். ஆகவே அந்த சிம்பொனி 10 தட்டுகளில் 20 பக்கங்களாக வெளிவந்தது. கேட்பவர் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும்!

இன்னொன்றும் சுவையானது. நம் இசையில் ஆதார ஷட்ஜம் கடைசிவரை அசையாது; ராகம் மாறினாலும் தம்புரா மாறாது. மாலரின் ஒன்பதாவதில் ஷட்ஜமே இடம் மாறுகிறது. நம் கணக்கில் சொன்னால், தொடங்குவது 2 கட்டையில், முடிவது 1½ கட்டையில். அரைக் கட்டை கீழே இறங்கி, ஓசை தேய்ந்து தேய்ந்து மறைகிறது.

நம் 'பாவயாமி'

இப்போது நம் ஊருக்கு வருவோம். சுவாதித் திருநாள் 1813இல் பிறந்து, 1829 முதல் 1846இல் மறையும்வரை திருவிதாங்கூரை ஆண்டவர். பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் அவர் கட்டிய குதிரைமாளிகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அவர் சபையில் இருந்தார். தஞ்சாவூரிலிருந்து இங்கே பிழைக்க வந்த தமிழர் வரிசையில் அவர் நமக்கு முன்னோடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

சுவாதித் திருநாள் கீர்த்தனைகளில் பலவற்றுக்குச் சாகித்யம் ஏட்டில் இருந்தது. மெட்டு வாய்வழியில் தேய்ந்துகொண்டிருந்தது. மகாராணி சேது பார்வதி பாயி அவர்களின் முயற்சியால் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இங்கே வரவழைக்கப்பட்டார். 1939இல் சுவாதித் திருநாள் இசை அகாதெமி தொடங்கப்பட்டது. தைக்காட்டில் இன்று இசைக் கல்லூரியாக இருப்பது அதுதான். பாகவதருக்குப் பின் செம்மங்குடி சீனிவாசய்யர் வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். அவருக்குப் பின் ஜி.என். பாலசுப்பிரமணியமும் சிறிது காலம் முதல்வராக இருந்தார். இவர்கள் கைபட்டுத்தான் இந்தக் கீர்த்தனைகள் மறுபடி கச்சேரி மேடைக்கு வந்தன.

'பாவயாமி ரகுராமம்' சமஸ்கிருதத்தில் அமைந்த ராமாயணச் சுருக்கம். ஆறு காண்டத்துக்கு ஆறு சரணம். செம்மங்குடி பல்லவியையும் அனுபல்லவியையும் சாவேரியிலேயே விட்டுவிட்டு, சரணங்களுக்கு வேறு வேறு ராகம் வைத்தார். பால காண்டத்துக்கு நாட்டைக்குறிஞ்சி, அயோத்தியா காண்டத்துக்கு தன்யாசி, ஆரண்ய காண்டத்துக்கு மோகனம், கிஷ்கிந்தா காண்டத்துக்கு முகாரி, சுந்தர காண்டத்துக்கு பூர்விகல்யாணி, யுத்த காண்டத்துக்கு மத்யமாவதி. தாளம் ரூபகம். சரணங்களுக்குச் சிட்டைஸ்வரமும் உண்டு. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் மறுபடி சாவேரிப் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். முடிவில் பட்டாபிஷேகத்துக்கு மங்களமான மத்யமாவதி என்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

மகாராஜா ஒரே ராகத்தில் போட்டதை மாற்றலாமா என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ராகமாலிகை மகாராஜாவுக்குப் புதிது அல்ல. அவருடைய 'பன்னகேந்திர சயன' எட்டு ராகங்களில் அமைந்தது. ஆகவே செம்மங்குடி செய்தது அந்த வாக்கேயக்காரரின் போக்குக்கே அந்நியமான காரியம் என்று சொல்ல முடியாது.

இதை எம்.எஸ். சுப்புலட்சுமி செம்மங்குடியிடம் கற்றுப் பாடிப் பதிவு செய்தார். 78 சுற்றுத் தட்டாக இருந்தால் இந்தப் பாட்டை ஐந்தாறு துண்டாக வெட்டியிருக்க வேண்டும். 1948இல் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்ததால்தான் இத்தகைய பாட்டை வெட்டாமல் ஒரே மூச்சில் கேட்க முடிந்தது. பின்னர் கேசட் வந்தது; வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. பம்பாயிலும் டில்லியிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பதிவே 'பாவயாமி' ஆகிவிட்டது. நான் மேடையில் செய்த தவறு அங்கிருந்துதான் வந்தது. ஒரு பதிவு மிக நன்றாக இருந்துவிட்டால், நாம் அதையே மூலம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

சிம்பொனிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மாலரின் சிம்பொனியில் சந்தேகம் வந்தால் தாளை எடுத்துப் பார்க்கலாம். நம் வழக்கில் சாகித்யம் நிலையானது. மெட்டு ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காதுக்கு வருவது. ஆகவே 'தாளில் உள்ளபடி பாடினாரா?' என்ற அவர்கள் கேள்வி நமக்கு அப்படியே பொருந்தாது. 'எந்தப் பாடாந்தரம்? அதற்கு உண்மையாக இருக்கிறாரா?' என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த தொழிலில் ஓர் உதாரணம் சொல்கிறேன். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதின்மூன்று கண் பாலம் இருக்கிறது. 1904இல் மீட்டர்கேஜ் ரயிலுக்காகத் திறந்த பாதை அது. 1000 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு 1676 மில்லிமீட்டர் போடுவதற்காக 2010இல் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். பழைய பாலத்தை இடிக்கவில்லை. வலுப்படுத்தி அதன் மேலேயே புதுப் பாதை போட்டார்கள். பழைய சின்ன ரயிலில் போனவர்களுக்கு அந்த அனுபவம் போய்விட்டதே என்ற வருத்தம் நியாயமானது. பாதை மாற்றாமல் இருந்திருந்தால் இன்றைய வண்டி அந்த மலை ஏறியிருக்காது என்பதும் உண்மை. சாவேரி 'பாவயாமி'யும் ராகமாலிகை 'பாவயாமி'யும் எனக்கு அப்படித்தான் தோன்றுகின்றன. ஒரு நல்ல வித்தியாசமும் உண்டு. ரயிலில் பழைய பாதையை எடுத்தால்தான் புதியதைப் போடலாம். பாட்டில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கற்றுக்கொடுக்க ஒரு பாட்டியும், கற்றுக்கொள்ள ஒரு பேத்தியும் இருந்தால் போதும்.

ஒப்பிடும் முன் மெஷினைச் சோதியுங்கள்

இந்த இடத்தில் என் இரண்டாவது தவறையும் ஒப்புக்கொள்கிறேன். 'எம்.எஸ். பதிவில் பாட்டு கொஞ்சம் இழுவைதான், செம்மங்குடி மாமாவின் கச்சேரிப் பதிவுதான் சுறுசுறுப்பு' என்று பல வருடம் நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். ஒரு நாள் என் தமக்கை ஸ்ருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு கேசட்டோடு பாடிப் பார்த்தாள். "தம்பி, ஸ்ருதியே இறங்கியிருக்கிறதே. பாட்டு இழுவை இல்லை, உன் மெஷின்தான் இழுவை" என்றாள். திறந்து பார்த்தால் டேப் ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் தளர்ந்து போயிருந்தது.

இதன் கணக்கு எளிது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். வேகம் சுமார் 6 விழுக்காடு மாறினால் ஸ்ருதி அரைக் கட்டை மாறிவிடும். 5½ கட்டையில் பாடியது 5 கட்டையாகக் கேட்கும். 20 நிமிடப் பாட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டுவிடும். குரலும் கனத்துவிடும். நாம் இவ்வளவையும் பாடியவர் தலையில் போட்டு, 'இவர் இழுக்கிறார், குரலில் களை இல்லை' என்று தீர்ப்புச் சொல்வோம்.

இன்று கேசட் இல்லையே என்று நினைக்க வேண்டாம். இணையத்தில் கேட்கும் பழைய கச்சேரிகளில் பல, யாரோ வீட்டுக் கேசட்டிலிருந்து ஏற்றியவைதாம். அந்த மெஷினின் பெல்ட் எப்படி இருந்ததோ! ஆகவே ஒப்பிடும் முன் பாடகரின் வழக்கமான ஸ்ருதி என்ன என்று தெரிந்துகொண்டு, கைபேசியில் உள்ள தம்புரா செயலியோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்ருதி இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கோ தொங்கினால் பதிவின் வேகத்தைச் சந்தேகியுங்கள்.

எதைக் கேட்க வேண்டும்?

என் அனுபவத்தில் ஐந்து விஷயங்களைக் கவனித்தால் போதும். இசை படிக்காதவர்களும் செய்யலாம்.

முதலாவது, என்ன பாடுகிறார்கள்? ஆறு சரணமும் உண்டா, நேரம் கருதி விட்டிருக்கிறார்களா, சிட்டைஸ்வரம் உண்டா, சாவேரிப் பாடமா, ராகமாலிகைப் பாடமா என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறு வேறு சரக்கை ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

இரண்டாவது, காலப்பிரமாணம். மொத்த நேரத்தைப் பார்க்காதீர்கள். சங்கதிகள் கூடினால் நேரமும் கூடும். கையில் ரூபகம் போட்டு 20 ஆவர்த்தனத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள். ஆவர்த்தனத்துக்கு மூன்று எண்ணிக்கை வைத்துப் போட்டால், 20 ஆவர்த்தனத்துக்கு 60 எண்ணிக்கை. அது 60 நொடியில் முடிந்தால் நொடிக்கு ஒன்று. பல்லவியில் ஒருமுறை, மூன்றாவது சரணத்தில் ஒருமுறை, கடைசிச் சரணத்தில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சிலர் போகப் போக வேகம் கூட்டுவார்கள். சிலர் கடிகாரம் மாதிரி நிற்பார்கள்.

மூன்றாவது, திரும்பும் இடம். ராகமாலிகையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சாவேரி மாயாமாளவகௌளையில் பிறந்தது. ரிஷபமும் தைவதமும் சுத்தம். தன்யாசியிலும் இந்த இரண்டும் சுத்தம்தான். ஆகவே அங்கிருந்து சாவேரிக்குத் திரும்புவது சுலபம். மோகனத்தில் இரண்டுமே சதுஸ்ருதி. அந்த வெளிச்சத்தில் இருந்துவிட்டுச் சட்டென்று இரண்டு ஸ்வரத்தையும் அரைக் கட்டை இறக்கி சாவேரிக்குள் வர வேண்டும். வண்டி மெயின் லைனிலிருந்து லூப் லைனுக்குப் பாயின்டில் திரும்புவது போல. நல்ல டிரைவர் கையில் பயணிக்குத் தெரியாது. இல்லாவிட்டால் மேல் பெர்த்தில் இருக்கும் பெட்டி கீழே விழும். எம்.எஸ். பதிவில் ஆரண்ய காண்டம் முடிந்து பல்லவி திரும்பும் இடத்தைக் கேளுங்கள். ஒரு குலுக்கல் இருக்காது.

நான்காவது, சொல். ராமாயணக் கதை சொல்லும் பாட்டு இது. கூட்டுச் சொற்கள் நீளமானவை. எங்கே மூச்சு விடுகிறார்கள், சொல் உடைகிறதா என்று கவனியுங்கள். சாகித்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் இது எளிதில் புரியும்.

ஐந்தாவது, பதிவான இடம். ஸ்டுடியோவில் தவறினால் மறுபடி பாடலாம். ஆனால் எதிரே ரசிகர் இல்லை. கச்சேரியில் பிசிறு இருக்கும். கூடவே வயலினும் மிருதங்கமும் அன்றைக்குக் கொடுத்த உற்சாகமும் இருக்கும். எம்.எஸ். பதிவில் ஸ்ருதி சுத்தமும் ஒழுங்கும். செம்மங்குடி மாமாவின் கச்சேரியில் அந்தக் கரகரத்த குரல் ராகத்தின் ஜீவனைப் பிடித்துக்கொண்டு விடாது. வால்டரின் 1961க்கும் 1938க்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான் இதுவும். ஒன்றை வைத்து இன்னொன்றைக் குறை சொல்வதில் பயன் இல்லை. ஒன்றில் கேட்டதை இன்னொன்றில் தேடும்போது, இரண்டிலும் இதுவரை காதில் விழாதது விழுகிறது. ஒப்பிடுவதன் லாபம் அதுதான்.

இந்த ஐந்தையும் வைத்து ஒரு குறிப்பேட்டில் பதிவுக்கு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். குழந்தைகளிடம் கொடுத்தால் நம்மைவிடச் சுறுசுறுப்பாகச் செய்வார்கள். பழகிய பின், நவராத்திரி மண்டபத்தில் பாடும் ஒன்பது கீர்த்தனைகளுக்குப் போகலாம். முதல் நாள் சங்கராபரணத்தில் தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபியில் முடிபவை. வருடா வருடம் அதே ஒன்பது பாட்டு, பாடுகிறவர் மாறுகிறார். நூற்றாண்டுகளாக ஆண்களே பாடிய அந்த மண்டபத்தில், 2006இல் பாறசாலை பொன்னம்மாள் முதல் பெண்ணாக அமர்ந்து பாடினார். இசை அகாதெமியில் சேர்ந்த முதல் மாணவியும் அவரே. அதே பாட்டை வேறு குரல் பாடும்போது பாட்டுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை என்பதை அன்று கேட்டவர்கள் அறிவார்கள்.

கடைசியாக ஒன்று

போன ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம், "நான் மேடையில் சொன்னது தப்பு அம்மா. நீ பாடியதும் சரிதான்" என்று சொன்னேன். பரிசளிப்பில் சொன்னதை வீட்டுக்குள் திருத்தினால் போதாது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். அன்று அரங்கில் இருந்து என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிய அன்பர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மாமி சாவேரியில் ஒரு சரணம் பாடிக் காட்டினார். காட்டுக்குப் போகும் கதையையும் போரையும் பட்டாபிஷேகத்தையும் ஒரே ராகத்தில் சொல்லும்போது, கேட்கிறவர் மனசு ராகம் மாறுவதைக் கவனிக்காமல் கதையிலேயே நிற்கிறது. ராகமாலிகையில் ஒவ்வொரு காண்டமும் தனித்தனி நிறம் பெறுகிறது. எழுபது வயதை நெருங்கும் எனக்கு இது இப்போதுதான் புரிந்தது. இதைக் கற்றுக்கொடுத்தது எட்டாம் வகுப்புக் குழந்தை.

ஊர் விட்டு வந்து வாழும் நாம் குழந்தைகளுக்குக் கொடுக்க வைத்திருப்பது கொஞ்சம்தான். அதில் வீட்டுப் பெரியவர்கள் வாயால் வந்த பாட்டும் ஒன்று. புகழ்பெற்ற பதிவோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அதைத் தப்பு என்று சொல்லி அடைத்துவிட்டால், பிறகு அந்தப் பாடத்தை எந்தத் தட்டிலும் தேட முடியாது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் பாடும் பாட்டு இருந்தால், கைபேசியில் பதிவு செய்து, பாடியவர் பெயர், யாரிடம் கற்றது, என்று பதிவானது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். நாளைக்கு ஒப்பிட உட்காருபவருக்கு அதுவும் ஒரு பதிவு.

வரும் மாதத்தில் ஒரு மாலை சங்க அரங்கில் எல்லோரும் சேர்ந்து 'பாவயாமி' கேட்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். எம்.எஸ். பதிவு, செம்மங்குடியின் கச்சேரி, இன்றைய இளைஞர் ஒருவர் பாடியது, முடிவில் மாமியின் சாவேரி. மாமி சம்மதித்துவிட்டார். பேத்தி பாடுவதாக இன்னும் சொல்லவில்லை. கேட்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்களும் வாருங்கள்; கையில் குறிப்பேடும் பென்சிலும் கொண்டு வாருங்கள். ஸ்ருதிப் பெட்டி நான் கொண்டு வருகிறேன்.